முப்பத்தேழாம் எண்ணும் ஒரு வாளித் தண்ணீரும்

டெக்சாஸில் அன்று காலை தராசில் ஏறிய கன்றுகளில் முப்பத்தேழாம் எண்தான் எடையில் முதல். அடுத்து வந்ததைவிட நாற்பது பவுண்டு அதிகம். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இறைச்சி மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஆன்ட்டி, லேப்டாப்பை மூடாமலே ஒரு சுற்று ஆடிவிட்டார்.

"ஜீன்ஸ்ப்பா ஜீன்ஸ்! இவனைப் பொலிகாளையா வெச்சுக்கறோம். அடுத்த வருஷம் பாதி மாடுங்களுக்கு இவன்தான்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கால்நடை மரபியல் படித்து, இந்தப் பண்ணையின் எடைக் கணக்கைப் பார்க்க வந்தவன். அந்த நாற்பது பவுண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அரிசி களைந்த தண்ணீரை சிங்க்கில் கொட்ட என் கைக்கு வரவே வராது. மீந்த சோறு, காய்த்தோல், ஒரு பிடி தீவனம் எல்லாம் போட்டு, மேலே குழாய்த் தண்ணீர் விட்டு, என் டிரெய்லர் வீட்டை ஒட்டிய வேலிக்கு வரும் இவனுக்குத் தினமும் ஒரு வாளி.

சொன்னால் வேலை போகலாம், வேலையோடு விசாவும். இவனும் இறைச்சிக்குப் போவான். சொல்லாவிட்டால் பாதி மந்தை ஒரு பொய்யின் பிள்ளைகள்.

"ஆன்ட்டி, அது ஜீன்ஸ் இல்லைங்க. கழனித்தண்ணிங்க."

ஆன்ட்டியின் கணவர், அங்கிள், வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதான பாத்தேன்! இவன் குக்கர் விசில் அடிச்சா கன்னு ஓடுது!"

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஒரே தீவனம், அப்பதான் கம்பேர் பண்ண முடியும்னு கொட்டாய்க் கதவுல எழுதி ஒட்டுனதே நீதானடா!"

"ஆமாங்க ஆன்ட்டி."

அந்த எடையை ஆன்ட்டியே லேப்டாப்பில் அழித்தார். "இன்னிலேர்ந்து வாளி கட். ஒரு வயசுல திரும்ப எடை போடுவோம். முதல் அஞ்சுக்குள்ள வந்தா காளை. இல்லேன்னா இல்ல. நீயா வந்து சொன்னதால உன் வேலை தப்பிச்சுது."

அதன்பின் ஒவ்வொரு காலையும் அவன் வேலியோரம் நின்று கத்துவான். நான் தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றுவேன். வீடியோ காலில் அப்பாவுக்கும் அது கேட்டது.

"ஏஞ்சாமி, பச்சக்கன்னு கத்துது. ஒரு வாய் ஊத்துனா என்ன?"

"கம்பேரிசன் கெட்டுருமுங்கப்பா."

"நாலெழுத்துப் படிச்சா எரக்கம் போயிருமாட்ட இருக்குது."

ஒரு வயது எடை நாள். கடைசியாக ஏறினான். தராசின் எண் ஓடி நின்றது.

மூன்றாவது!

நான் வீசிய தொப்பி எங்கே போனதென்று தெரியவில்லை. அங்கிள் என்னைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார்: "போடா, போய் ஊத்து! ரெக்கார்ட் முடிஞ்சுது!"

ஓடிப்போய் அரிசி மூட்டையைப் பிரித்தேன். இன்று குழாய்த் தண்ணீர் கலக்கக் கூடாது. ஒரு கிண்ணம் களைந்தால் கால் வாளிகூட வராது; களைந்துகொண்டே இருந்தேன். வாளி நிறைந்தபோது ஊறிய அரிசி மலைபோல் கிடந்தது. எங்கள் மூவருக்கும் நான்கு நாள் சோறு, தோசை, பொங்கல், மறுபடியும் சோறு. முப்பத்தேழு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று வாளியை முட்டினான்.