கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை ஆறியதும் ஃபியூஸ் கட்டைகளை இறக்கி அடுக்குவது என் வேலை. அங்கே ஒயரிங் நடக்கும்போதெல்லாம் எலக்ட்ரீஷியனுக்கு ஏணி பிடிப்பேன். அப்படிப் பார்த்துக் கற்றதை வைத்து, நாங்கள் கட்டிய ஒற்றை அறை வீட்டுக்கு நானே ஒயரிங் செய்தேன்.

வீடு பாதி எழும்பியிருந்தபோது என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது, கேலி மட்டும் குறையவில்லை. நாங்கள் இருந்த வாடகை வீட்டில் சுவிட்ச் கதவோரம், உயரத்தில் இருந்தது. ஃபேனுக்கு என்னைக் கூப்பிட வேண்டும், நான் வேலைக்குப் போய்விட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணை. கூப்பிடக் கூச்சப்பட்டு, பல நாள் வியர்வையில் நனைந்தே கிடப்பாள். புது வீட்டிலாவது யாரையும் கேட்காமல் அவளே ஃபேன் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதனால் கட்டில் போடும் இடத்தில், அவள் இடது கைக்கு எட்டும்படி தாழ்வாகப் பெட்டியைப் பதித்தேன். பழகிக்கொள்ளட்டும் என்று கரண்ட் இல்லாத ஒரு சுவிட்சைப் பலகையில் பூட்டி அவளிடம் கொடுத்தேன். நாளெல்லாம் தட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் தட்டினாள்.

“இதப் போட்டா நீங்க பேசுவீங்களா?”

கரண்ட் வாங்க, லைசன்ஸ் உள்ள காண்ட்ராக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். ஒயர், எர்த் எல்லாம் சரி என்றார். தாழ்வான பெட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“என்னண்ணே, பூனைக்கா சுவிட்சு வச்சிருக்கீங்க?”

வழக்கமாக இப்படிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். அன்று திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“வூடு கழுவுனா தண்ணி தெறிக்குமே. நான் எப்படிண்ணே கையெழுத்துப் போடுவேன்? மேல ஏத்திடுங்க. அண்ணிக்கு ஒயர்ல தொங்குற சுவிட்சு ஒண்ணு போட்டுத் தரலாம்.”

வாடகை வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் சொன்னேன். நான் அந்நிய ஆளிடம் அவ்வளவு பேசினேன் என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஷிஃப்ட் முடிந்து போய்ச் சுவரைக் கொத்திப் பெட்டியை உயர்த்தினேன். காண்ட்ராக்டருக்குப் பெண்ணாடம் பக்கம் வேலை வந்துவிட்டதால் திரும்பி வரத் தாமதமானது. வந்ததும் தொங்கும் சுவிட்சை அவரே கொண்டுவந்து மாட்டினார், கையெழுத்தும் போட்டார். விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்தது. மீட்டர் வருவதற்குள் அவளுக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை உயிரோடு கொண்டுவர முடியவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் மீட்டர் மாட்டினார்கள். லைன் வருகிறதா பார்க்க, வந்தவர்களில் ஒருவர் தொங்கும் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றியது. “நல்லா காத்து வருதுங்க” என்றார். நிறுத்திவிடச் சொன்னேன்.

நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். இன்று கரண்ட் கணக்கெடுக்க வருவதாகச் சொன்னதால் போய்த் திறந்து விட்டேன். மீட்டரைப் பார்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ரீடிங் ஏறவே இல்லியே. வூட்டுல யாரும் இல்லீங்களா?”

இல்லை என்றேன்.

14 செப்டம்பர் 2024, சனிக்கிழமை