மலைக்குப் போனவர்களின் ஓட்டு

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல, என் வழிகாட்டிப் பேராசிரியர். எண்பதுகளின் நடுவில் மதுரையில் பொது நிர்வாகத்தில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தேன். கிராமப்புறப் பெண்களின் தேர்தல் பங்கேற்பு என்பது தலைப்பு. மலையை ஒட்டிய பல ஊர்களில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே ஓட்டுப் போட்டிருந்தார்கள். போடியிலிருந்து முந்தல் போகும் வழியில் இருந்த அந்தச் சிற்றூரில் மட்டும், போன சட்டமன்றத் தேர்தலில் அநேகமாக எல்லாப் பெண்களும் ஓட்டுப் போட்டதாக அரசாங்க விவரம் சொன்னது.

"படிப்பு இல்லை, நிலம் இல்லை, எல்லாம் கூலிக்குப் போகிற பெண்கள். ஆனாலும் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள். ஏன் என்று பார்த்துவிட்டு வா" என்றார் பேராசிரியர். உள்ளாட்சித் தேர்தல் பல வருடங்களுக்குப் பிறகு நடக்கவிருந்தது. அதற்குள் போய்த் தங்கினால் தேர்தலையும் நேரிலேயே பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

என்னோடு படித்தவன் ஒருவன் போடிக்காரன். அத்தா என்று அவன் கூப்பிடும் அவன் அப்பாவுக்குக் கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம். நகராட்சி வார்டுகளை அவன் எடுத்துக்கொண்டான், கிராமத்தை நான். தங்க இடம் பார்த்துக் கொடுத்ததும் அவன்தான். மலைத்தோட்டத்துக்குப் பெண்களைக் கூட்டிப்போகும் கங்காணி ஒருத்தர் வீட்டில் முன்னறை காலியாக இருந்தது. நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை. ஒரே மகளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் கங்காணியம்மா. நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

முதல் சில நாட்கள் காகிதக் கட்டோடு வீடு வீடாகப் போனேன். பகலில் பெண்களே இல்லை. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள், அப்புறம் சோறாக்க வேண்டும். அந்த நேரத்தில் போய்க் கேள்வி கேட்பது எனக்கே நன்றாக இல்லை. ஆகவே நானும் ஜீப்பில் போனால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன்.

"வா, ஆனா மடியில ஒருத்தி உக்காருவா, அதுக்கு மொகஞ் சுழிக்கக் கூடாது" என்றார்.

அப்படித்தான் இருந்தது. தூக்குச்சட்டிகளும் சாக்குகளும் மனிதர்களும் ஒன்றாக அடுக்கப்பட்ட ஜீப்பு. கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம். முந்தலைத் தாண்டியதும் என் முதல் கேள்வியைப் போட்டேன்: போன தேர்தலில் நீங்கள் ஓட்டுப் போட்டதற்கு என்ன காரணம்?

பின்னால் இருந்த ஒருத்தி, "நாங்க எங்கிட்டுப் போட்டோம்?" என்றாள்.

"ஓட்டு அன்னைக்கும் எங்களுக்கு மலையிலதான சோலி" என்றாள் இன்னொருத்தி.

"உங்க ஊர்ல பொம்பளைங்க ஓட்டு எல்லாம் விழுந்திருக்குன்னு கணக்கு இருக்கே."

"விழுந்திருக்கும். ஆம்பளைக சும்மா விடுவாகளா?" ஜீப்பே சிரித்தது. அக்கா என் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னார்: "எங்க கொழுந்தன்தான் பூத்துல உக்காந்திருப்பாரு. வெளியூர்ல இருந்து பொம்பளைகளக் கூட்டியாந்து போடச் சொல்லுவாக. நம்ம ஓட்டு வீணாப் போகுதேன்னு ஒரு அக்கறைதான்."

அதில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. எனக்குத்தான் முதலில் திக்கென்றது. அடுத்து, ஆராய்ச்சி மாணவிக்கு வரக்கூடிய ஒரு சந்தோஷமும் வந்தது. பேராசிரியர் அனுப்பிவைத்த புதிருக்கு மூன்றாவது வளைவிலேயே விடை கிடைத்துவிட்டது. அந்த ஊரில் பெண்கள் அதிகமாக ஓட்டுப் போடவில்லை. ஓட்டு நாளில் ஊரில் பெண்களே இல்லை, அவ்வளவுதான்.

அன்று முழுக்கத் தோட்டத்தில் இருந்தேன். ஏலச்செடியின் அடியில் குனிந்து காய் எடுக்கும்போது யாரும் பேச மாட்டார்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் பேச்சு. அட்டை கடித்த என் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அக்கா கேட்டார்.

"நாங்க நேர்ல போயி நின்னா சீட்டுக் குடுப்பாகளா?"

"கொடுத்தே ஆகணும் அக்கா."

"அன்னைக்கு ஜீப்பு?"

தேர்தல் தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில். அவர்களுக்கு அன்று விடுமுறை இல்லை. போடி போய் என் வகுப்புத் தோழனிடம் சொன்னேன். அவன் அத்தா அந்தத் தோட்டத்தில் சரக்கு எடுப்பவர், ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று நினைத்தோம். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, "இது நீங்க படிக்கிற படிப்பு. அதக் கொண்டாந்து என் கடையில வைக்காதீங்கம்மா. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டு வந்தோம்.

கடைசியில் முடிவெடுத்தது அக்காதான். ஜீப்புக்காரரிடம், அன்றைக்கு மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றார். இரண்டாவது லோடு கெட்டுப்போகும் என்று அவர் முணுமுணுத்தார். "அப்ப ஜீப்ப வேற கங்காணிக்கு ஓட்டு" என்றார் அக்கா. அவர் ஒத்துக்கொண்டார்.

ஊரில் விஷயம் பரவியது. அக்காவின் கொழுந்தன் ஒரு மாலை வந்து வாசலில் நின்றபடியே சிரித்தார். ஏற்கெனவே ஊரை நடத்திவந்த பெரியவர் தலைவர் பதவிக்கு நின்றார், இவர் அவருடைய ஏஜெண்டு.

"ஜீப்ப நிறுத்தப் போறீகளாம்ல மதினி? மலையில காய் ஒங்களுக்காகக் காத்துக் கெடக்குமா?"

"கெடந்தா எடுக்குறோம், இல்லாட்டி மறுநாப் போறோம்."

"அந்தப் பெரிய படிப்புப் பிள்ளை சொல்லுதா?"

"அது கேள்விதான் கேக்கும். சொல்றது நான்."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நானும் முழுதாக நம்பவில்லை.

தேர்தல் அன்று காலையில் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்படியில் கூடினார்கள். தோட்டத்துப் பழைய சேலைக்கு மேல் நல்ல சேலையைச் சுற்றியிருந்தார்கள். ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், அவளுக்காகக் காத்திருந்ததில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாக்குப்பதிவு தொடங்கியிருந்தது. வாசலில் ஆண்கள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். நான் உள்ளே போகக் கூடாது, ஜன்னலோரம் நின்றேன். என் தோழனும் டவுனிலிருந்து சைக்கிளில் வந்திருந்தான்.

அக்காதான் முதலில் போனார். அலுவலர் பெயரைக் கேட்டார், பட்டியலைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"உங்க ஓட்டு போட்டாச்சேம்மா."

அக்கா இரண்டு கையையும் விரித்து மேசைமேல் வைத்தார். "எந்த வெரல்ல மை இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க சார்."

அலுவலர் வெளியூர்ப் பள்ளி ஆசிரியர், வயது அதிகமில்லை. கைகளைப் பார்த்தார். காய்க் கறை படிந்து கறுத்த விரல்கள், மை இல்லை. ஏஜெண்டுகள் பெஞ்சைப் பார்த்து, "இவங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். அக்காவின் கொழுந்தன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குக் குரலே உயரவில்லை. "கொழுந்தனாரே, காலையில என் பேரச் சொல்லி ஒருத்தி வந்திருக்கா. நீங்க இந்தப் பெஞ்சிலதான இருந்தீக. அது நான் இல்லைன்னு ஒங்களுக்குத் தெரியலயா?"

வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். கொழுந்தனின் காது மடல் சிவந்திருந்ததை ஜன்னலிலிருந்தே பார்த்தேன்.

என் தோழன் ஜன்னல் வழியாக, ஒருவர் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் தனிச்சீட்டு கொடுக்க விதி இருக்கிறது என்றான். அலுவலருக்கும் அது தெரிந்திருந்தது. சீட்டை எடுத்தார். "இதுல முத்திரை குத்திக் குடுங்க, தனிக் கவர்ல வைப்போம்."

"பெட்டியில போட மாட்டீகளா?"

"இல்லம்மா. கோர்ட்டு கேஸுன்னு வந்தாத்தான் இதை எடுப்பாங்க."

"அப்ப எண்ண மாட்டாக."

"எண்ண மாட்டோம்."

"எண்ணாத சீட்டு எனக்கு வேணாம் சார்" என்றார் அக்கா. "ஆனா நான் இங்கனயே நிக்கிறேன். இவளுகள எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தியா யாருன்னு சொல்றேன், நீங்க வெரசா மை வைங்க."

அப்படி நிற்க விதியில் இடம் உண்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. அலுவலர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா மேசைக்கு அருகில் நின்று ஒவ்வொருத்தியையும் சொன்னார்: இவள் வடக்குத்தெரு மாரியம்மன் கோயிலுக்கு எதிர்வீடு, இவள் தச்சாசாரி மருமகள், இவளுக்குப் போன மாசம்தான் பிள்ளை பிறந்தது. இன்னும் இரண்டு பேருடைய ஓட்டும் போயிருந்தது. அவர்களும் தனிச்சீட்டை வாங்கவில்லை. மற்றவர்கள் போட்டார்கள். சீட்டை மடிக்கத் தெரியாமல் ஒருத்தி சுருட்டிப் போட்டாள். வெளியே வந்து விரலை ஊதி ஊதிக் காயவைத்தாள் ஒருத்தி.

ஜீப்பு தோட்டத்தை அடையும்போது வெயில் ஏறியிருந்தது. கணக்கப்பிள்ளை வாசலிலேயே நிறுத்தினார். "இன்னினி பணியில்லா, நாளெ வன்னா மதி" என்றார் மலையாளத்தில்; இன்று இனி வேலை இல்லை, நாளைக்கு வந்தால் போதும். அன்றைய கூலி போயிற்று. மலையிறங்கும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னவள் என்னைப் பார்த்து, "ஒனக்குப் பரீட்சை பாசாயிரும், எங்களுக்கு?" என்றாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை. அந்த வாரம் முழுக்க அவர்களுக்குச் சரிவான, தொலைவான காட்டைத்தான் கொடுத்தார்கள் என்று அக்கா பிறகு சொன்னார்.

பெரியவர் தோற்றார். பெண்களின் ஓட்டால்தான் தோற்றார் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொழுந்தன் அக்கா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். பங்குனித் திருவிழாவில் மதினிக்கு அவரே மாவிளக்குத் தட்டைத் தூக்கிக் கொடுத்தார் என்றும், அதோடு சரியாயிற்று என்றும் கேள்விப்பட்டேன்.

மதுரை திரும்பி, பேராசிரியரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு, கையில் வந்திருந்த புது விவரத்தை மேசைமேல் வைத்தார். "அந்த ஊரில் பெண்கள் ஓட்டு போன தடவையைவிடப் பாதிக்குமேல் குறைந்திருக்கிறதே" என்றார்.

உண்மைதான். வெளியூர்க்காரிகள் திரும்பிப் போய்விட்டார்கள், உள்ளூர்க்காரிகளில் எல்லோரும் வரவில்லை. பெண்கள் முதன்முறையாகத் தாங்களே போய் ஓட்டுப் போட்ட தேர்தலில், பங்கேற்பு விழுந்துவிட்டதாகக் கணக்கு நின்றது.

"இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடந்ததையும் எழுதுகிறேன் சார்."

"நடந்ததில் நீயும் இருக்கிறாயே. 'கொடுத்தே ஆகணும்' என்று சொன்னது யார்? பார்க்கப் போனவள் பேசினால், அது ஆராய்ச்சி ஆகாது."

"அவங்க கேட்டாங்க சார். தெரியாதுன்னு சொல்லியிருந்தா அது பொய்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று அப்போதே தோன்றியது. இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த ஊரை ஒப்பீட்டு அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, பின்னிணைப்பாக, என் பங்கையும் சொல்லி எழுதுவது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் பின்னிணைப்பைப் பற்றி மட்டுமே கேட்டார். பட்டம் கிடைத்தது.

எனக்கு ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிலையம் ஒன்றில் வேலை அமைந்தது. தோழன் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு அத்தாவின் கடையில் உட்கார்ந்தான். கடைசியாக அக்காவைப் பார்த்தது எண்பதுகள் முடியும் சமயத்தில், போடி பஸ் நிலையத்தில். மகள் பிரசவத்துக்குக் கம்பம் போய்க்கொண்டிருந்தார். இடையில் இன்னொரு தேர்தல் முடிந்திருந்ததால் கேட்டேன்.

"ஓட்டு அன்னைக்கு மட்டும் ஜீப்பு லேட்டாத்தான் போகுது. யாரும் போயிச் சொல்றதில்ல, அதுபாட்டுக்கு நடக்குது. போடுறவளுக போடுறாளுக, மத்தவளுக ஜீப்புல உக்காந்து தூங்குறாளுக" என்றார்.

"நீங்க?"

"மொத ஆளா நின்னேன். நமக்கு முந்தி எவளும் வந்துறக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு, கம்பம் பஸ்சு நகரத் தொடங்கியதைப் பார்த்து ஓடினார்.