கூறைத் தட்டு யார் கையில்

மெல்பேர்னின் கிரெய்கிபர்னில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஒரு பழைய வெள்ளைக்காரத் தேவாலயத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஞாயிறு காலை எங்களுக்கு, பிற்பகல் தென் சூடான்காரருக்கு. எங்கள் ஆராதனை நேரத்துக்கு முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. கடைசிப் பாட்டை நாங்கள் இழுத்துக்கொண்டிருக்க, அவர்கள் மேளத்தோடு வாசலில் நிற்பார்கள். நாங்கள் குசினியில் தேத்தண்ணீர்க் கோப்பை கழுவ, அவர்கள் பெரிய பெரிய சட்டிகளோடு உள்ளே வருவார்கள்.

அவர்களில் ஒரு பெண். நல்ல உயரம், என் வயது இருக்கும். அவரே கதிரை அடுக்குவார், அவரே மைக்கைத் தட்டிப் பார்ப்பார். நான் மாதக்கணக்கில் அவரிடம், "உங்கள் பாஸ்டர் இன்னும் வரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் விசாரித்துக்கொண்டிருந்தேன். "வந்தாயிற்று" என்பார் சிரித்துக்கொண்டு. எட்டிப் பார்ப்பேன், ஒருவரையும் காணோம். ஒரு ஞாயிறு, மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தால், அங்கி போட்டுக்கொண்டு பிரசங்க மேடையில் நிற்பது அவரேதான். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் ஆட்கள் எல்லாருமே என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

அவரும் விதவை, நானும் விதவை. கோப்பை கழுவும் நேரத்தில் அவர் தன் கதையைச் சொன்னார். கணவர்தான் முதலில் அந்தச் சபையின் போதகர். அவர் இறந்ததும், கணவரின் குடும்பத்துப் பெரியவர்கள் மெல்பேர்னுக்கே வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கணவன் செத்தால் அவனுடைய சகோதரன் அவளை ஏற்றுக்கொள்ள வேண்டும், செத்தவன் பெயரில் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதை நான் ஏளனமாகப் பேச வாயெடுத்தேன், அவர் விடவில்லை. சண்டையும் பஞ்சமுமான ஊரில் தனித்துப்போன பெண் பட்டினி கிடக்கக் கூடாதென்று வந்த ஏற்பாடு அது என்றார்.

"ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் அல்லவா?" என்றார். வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "அவருடைய பெயரைப் பிள்ளைகள் சுமக்கிறார்கள். அவருடைய சபையை நான் சுமக்கிறேன். மைத்துனர் வரட்டும், பிள்ளைகளைப் பந்து விளையாடக் கூட்டிப்போகட்டும். புருஷனாக வர வேண்டாம்." பெரியவர்கள் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். பெண் பிரசங்கம் பண்ணுவதா என்று சில ஆண்களும் சபையை விட்டு விலகினார்கள். அவர் விடாமல் பிரசங்கம் பண்ணினார். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இப்போது அங்கே மேளம் அடிப்பது அந்த மைத்துனர்தான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "நல்லகாலம், எங்கள் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் விதவைக்கு இப்படியெல்லாம் கிடையாது" என்று சும்மா இருக்காமல் அளந்துவிட்டேன்.

"அப்படியென்றால் கல்யாணத்தன்று உன் மகளைப் பீடத்துக்கு நீதான் கூட்டிக்கொண்டு வருவாய்" என்றார்.

நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

என் மகளின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு முதல் வாரம்தான் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, போன் எடுத்திருந்தார். "நான் என்ர மகனைக் கூட்டிக்கொண்டு வாறன். அவன் பிள்ளையைப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். நீர் பின்னுக்கு இரும். தாலி கூறை இருக்கிற இடத்தில நாங்கள் நிக்கிறது வடிவில்லை" என்றார். நாங்கள் என்றது சரிதான், அவரும் கணவனை இழந்தவர். நானும் "ஓம் மச்சாள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கணவர் போன பிறகு அந்தப் பிள்ளையை வளர்த்தது நான். இரவுபகலாக முதியோர் இல்லத்தில் வேலை செய்து படிப்பித்தது நான். பின்வரிசை வாங்கிலில் உட்கார மட்டும் ஓம் என்று தலையாட்டியிருக்கிறேன். நினைக்க நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அம்மா, யூ ஆர் வாக்கிங் மீ. தட்ஸ் இட்" என்றாள். எங்கள் போதகர் தமிழ்நாட்டுக்காரர், நகரின் மறுகோடிப் பொயிண்ட் குக்கிலிருந்து வருகிறவர், நல்ல மனிதர், வம்புக்குப் பயந்தவர். "தாராளமா வாங்கம்மா, பைபிள்ல தடை ஒண்ணும் இல்ல. ஆனா வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க" என்றார். பேசினேன். "மச்சாள், பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போகப்போறன்" என்றேன். "உம்மட விருப்பம்" என்று போன் வைக்கப்பட்டது. வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். கல்யாணத்தன்று சாம்பல் நிறச் சேலையில், கடைசி வாங்கிலின் மூலையில் இருந்தார். நான் மாம்பழ மஞ்சளில் காஞ்சிபுரம் உடுத்திருந்தேன், தலையில் பூவும் வைத்திருந்தேன். கதவு திறந்தது. மகள் என் கையைப் பிடித்தாள். உள்ளே காலடி வைத்ததும் வலப்பக்கம் முழுக்க எழுந்து நின்றது. தென் சூடான் சபைப் பெண்கள் அவ்வளவு பேரும்; அவர்களுடைய பிள்ளைகள் என் மகளிடம்தான் கீபோர்டு படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் குலவை என்பார்களே, அதேதான். நாக்கைச் சுழற்றி அவர்கள் எழுப்பிய சத்தத்தில் கண்ணாடி யன்னல்கள் அதிர்ந்தன. எங்கள் ஆட்கள் முதலில் திடுக்கிட்டார்கள், பிறகு அவர்களும் எழுந்தார்கள். முன்வரிசையில் என் சிநேகிதி அங்கியோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு ராணி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ராணிதான்.

தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டைப் பெரியவர்களிடம் கொண்டுபோய், அவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பது எங்கள் வழக்கம். கணவன் உள்ள பெண்தான் அதைத் தூக்குவாள். போதகர் ஜெபம் பண்ணித் தட்டை நீட்டினார், நான் வாங்கினேன். அதோடு நேரே கடைசி வாங்கிலுக்கு நடந்தேன்.

மச்சாள் தொடுவதற்குக் கையைக்கூட நீட்டவில்லை. "நான் தொடக் கூடாது. முன்னுக்குக் கொண்டுபோம்" என்றார் மெதுவாக.

"தொட வேண்டாம், தூக்குங்கோ" என்று தட்டை அவர் மடியில் வைத்தேன்.

"விசரே உமக்கு? ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். பிள்ளையின்ர தகப்பன்ர அக்கா நீங்கள். எழும்புங்கோ மச்சாள்."

தட்டு விழுந்துவிடும் என்ற பயத்தில் கையைக் கொடுத்தார், பிறகு எழுந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். ஒவ்வொரு வாங்கிலாக நின்று நீட்டினார். தொட்டவர்களில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வலப்பக்கம் வந்ததும் மறுபடி அந்தக் குலவை. என் சிநேகிதி தட்டைத் தொடும்முன் மச்சாளின் கைகளைத் தொட்டு ஆசீர்வதித்தார்.

பீடத்தில் தட்டை வைத்துவிட்டு மச்சாள் பின்னுக்குத் திரும்பிப் போகப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் இருவரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது அவர் என் காதுக்குள் சொன்னார்:

"என்ர மகன் தாலி கட்டினதை நான் பாக்கவே இல்லை. பின்னுக்கிருந்து எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

அவரால் நன்றாகப் பார்க்க முடியட்டும் என்று நான் சற்றுத் தள்ளி இருந்துகொண்டேன்.