மாக் லீமாவின் பால் பிள்ளை

பினாங்கில் பிள்ளையை மீன் நிறுப்பதுபோல நிறுத்துப் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை சர்க்கார் தாதி சைக்கிளில் வந்து, என் மகளைத் தராசுத் தட்டில் கிடத்தி, எடையை உரக்கச் சொல்லி எழுதிக்கொள்வாள். பிள்ளை புஷ்டியாக இருக்கிறது என்று யாரும் சொன்னாலே மிளகாய் சுற்றிப்போடும் நாகப்பட்டினத்தில் பிறந்தவள் நான். முதல் முறை கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் வாரம் அந்தப் பயம் தேவைப்படவில்லை. பிரசவக் காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. கண்பட அவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

தாதி டின் பால் வாங்கச் சொன்னாள். என் கணவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, மாலையில் சீர்திருத்தச் சங்கப் பேச்சாளர். சீமைச் சரக்கு வாங்குவதில்லை என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவரே அவர்தான். வெள்ளைக்காரன் கப்பலில் வேலை பார்க்கலாம். அவன் டின்தான் வீட்டுக்குள் வரக்கூடாது. கோயில் தலைவரின் மனைவியை எல்லாரும் பெரியக்கா என்போம். வேறு சாதிக்காரி பால் குடித்தால் பிள்ளைக்குப் புத்தி மாறிவிடும் என்று எச்சரித்து, எனக்குப் பூண்டும் கருவாடும் அனுப்பினார். எல்லாரும் என் மகளின் நன்மையைத்தான் நினைத்தார்கள். அவளோ அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள்.

ஒரு மத்தியானம், கெலுகோரில் எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டு மலாய்க்காரி மாக் லீமா வந்தாள். 'மாக்' என்றால் அம்மா. அவள் மகன் யூசோப்புக்கு நான்கு மாதம். அவள் ஏதோ கேட்டாள். மீன் விலை பேசுமளவு மலாய் தெரிந்த எனக்குப் பாதிதான் புரிந்தது. பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பிஸ்மில்லா சொல்லி மகளை மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். நன்றியா பொறாமையா, எனக்கே தெரியாது. இரண்டு மாதம் தினமும், கணவர் வேலைக்குப் போன நேரத்தில் வந்தாள்; நான் யாரிடமும் சொல்லவில்லை. எடை ஏறியது. தன் கொள்கை வென்றது என்றார் கணவர்; தன் கருவாடு என்றார் பெரியக்கா.

பெயர் சூட்டும் நாளில் மாக் லீமா மஞ்சள் சோற்றுத் தட்டோடு வந்து, பிள்ளையைத் தூக்கி, "இனி அனாக் சூசூ சாயா" என்றாள். இது என் பால் பிள்ளை என்று அர்த்தம். பெரியக்காவுக்கு 'என் பிள்ளை' என்பது மட்டுமே புரிந்தது.

"பிள்ளையத் தத்துக் குடுத்துட்டியா?" என்றார்.

மழுப்பியிருக்கலாம். மாக் லீமா சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் குடுத்தாங்க அக்கா. அதாலதான் இது உசுரோட இருக்கு."

எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். சாதியை வேரோடு பிடுங்க வேண்டும் என்று போன வாரம்தான் மேடையில் முழங்கியிருந்தார்.

"உள்ள போயிப் பேசிக்கலாம்," என்றார்.

பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். பெரியக்கா ஒரு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பிறகு, மலாய்க்காரர் வழக்கப்படி ஒரே பால் குடித்தவர்கள் உடன்பிறப்புகள், அவர்களுக்குள் கல்யாணமே கூடாது என்று ஒரு தமிழ் முஸ்லிம் கடைக்காரர் அவருக்கு விளக்கினார். யூசோப் என்றைக்கும் எங்கள் மாப்பிள்ளையாக முடியாது என்று தெரிந்ததும் அவர் மனம் குளிர்ந்து, பலகாரத்தோடு வந்தார். என் கணவரும் தேறிவிட்டார். அடுத்த கூட்டத்தில், நாம் எல்லாரும் ஒரே தாயின் பால் குடித்த மக்கள் என்று பேசிக் கைதட்டு வாங்கினார். மாக் லீமாவை யாரும் அழைக்கவில்லை.

பால் மறந்த பிறகும் மகள் பாதி நாள் மாக் லீமா வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுக்கு மூன்று வயதில் ஊருக்கு வந்தேன். அம்மா வீட்டுக் கூடம் நிறைய உறவு. ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்ச, அவள் மிரண்டு, "மாக்! மாக்!" என்று வீறிட்டாள். நான் கை நீட்டினேன், என்னிடம் வரவில்லை.

"என்னடி கேக்குறா?" என்றாள் அம்மா.

பினாங்கில் அத்தனை பேர் முன்னால் உண்மை சொன்னவள் நான்.

"தண்ணி கேக்குறா," என்றேன்.

அத்தை ஓடிப்போய் வெள்ளிச் செம்பில் கொண்டுவந்தாள். மகள் அதைத் தட்டிவிட்டு, வாசல் பக்கம் பார்த்து மறுபடியும் கூப்பிட்டாள்.