எழுத்து முடிந்த மண்டபம்

யாழ்ப்பாணத்தில் கலியாணப் பதிவை ‘எழுத்து’ என்போம். என் எழுத்து ஜெர்மனியில் முடிந்தது என்றுதான் பத்து வருடமாக நம்பியிருந்தேன்.

காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றும் ஏஜென்சிக்காரன் என்னை அங்கே கொண்டுபோய் இறக்கிய மறுவாரம், எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை என்னைச் சேலை உடுக்கச் சொல்லி, அந்த ஊரின் பழைய நகரசபைக்குக் கூட்டிப்போனார். பல நூறு வருடக் கற்கட்டடம். கூர்வளைவு ஜன்னல்கள், உச்சியில் ஊசிக் கோபுரங்கள். வாசலில் ஒருத்தி இரண்டு துண்டுச்சீட்டு கிழித்துத் தந்தாள். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் வாள்களும் பூட்டுகளும். வெள்ளைக்காரன் பதிவுக் கந்தோரை இப்படித்தான் வைத்திருப்பான் என்று நினைத்தேன். மாடியில், மேசைமேல் பெரிய புத்தகம்.

“இதில கையெழுத்து வையும். பக்கத்தில விருப்பமானதை எழுதும்.”

‘சாகும்வரை இவரோடுதான்’ என்று தமிழில் எழுதினேன்.

“எழுத்து முடிஞ்சுது” என்றார். கோபுரம் தெரிய வாசலில் படம் எடுத்தோம். லண்டனுக்கு வந்த பிறகும் இல்ஃபோர்ட் வீட்டு ஹோலில் அதுதான் தொங்கியது.

குரோய்டனில் உள்ள குடிவரவுக் கந்தோருக்கு அனுப்பும் விசாப் படிவத்துக்குக் கலியாணப் பத்திரம் வேண்டும் என்று லோயர் கேட்டார். வீட்டில் இவர் மூன்று மாதம் தேடினார். பிறகு, வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார். என் கவனயீனம்தான் என்று என்னையே திட்டிக்கொண்டு பெட்டிகளைக் கிளறினேன்.

அந்த மாதம் மகளின் வகுப்பை மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். நானும் உதவிக்குப் போனேன். வெளியேறும் இடத்தில் மேசைமேல் பெரிய புத்தகம். பெயர், ஊர், கருத்து என்று கட்டங்கள்.

“அம்மா, சைன் பண்ணுங்கோ. வந்த ஆக்கள் எல்லாரும் பண்ணீனம்.”

பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றேன். கிழித்த துண்டு, கண்ணாடிப் பெட்டி, புத்தகம். நகரசபை எப்போதோ வெளியேறிப்போன ஒரு மியூசியத்தில், பார்க்க வந்தவர்களின் புத்தகத்தில் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன்! பட்டுச் சேலை கட்டவைத்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

“இது மியூசியமோ?”

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “விசாவுக்கெண்டு முதலே ஒருத்தியோட எழுத்து இருந்தது. உம்மோட எழுத ஏலாது. சொன்னா உமக்கு விளங்கியிருக்காது.”

“விளங்காத பெட்டை எண்டுதானே அங்க கூட்டிக்கொண்டு போனீங்கள்?”

அவர் தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த நாள் லோயரிடம் தனியே போனேன். அந்தப் படிவத்தில் ‘திருமணமாகாதவர்’ என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு, கீழே கையெழுத்து வைத்தேன். நான் விளங்கி வைத்த முதல் எழுத்து அதுதான்.