'சுகி தெஸ்' என்றால் என்ன?

2006ஆம் ஆண்டு. உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காக எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரம் வீதிக்கு வீதி கொடி கட்டிக்கொண்டிருந்த வசந்த காலம். நான் ஒரு பல் வைத்தியரிடம் தொழிற்பயிற்சியில் இருந்தேன். என் தம்பி டுசல்டோர்ஃப் நகரில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலைக்கும் போகாமல், போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான்.

"என்னடா, காய்ச்சலோ?"

"ஒண்டுமில்லையக்கா. விடுங்கோ."

விடுவேனா? போர்வையை இழுத்தேன். கண் சிவந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. அந்த உணவகத்தில் மாலையில் பரிமாற வரும் ஒரு ஜப்பானியப் பெண். இங்கே பியானோ படிக்க வந்தவள். படிப்பு முடிந்துவிட்டது. ஞாயிறு மாலை பிராங்க்ஃபேர்ட்டிலிருந்து விமானம் ஏறுகிறாள். முந்தைய நாள்தான் உணவகத்தில் அவளுக்குக் கடைசி வேலைநாள். அன்றிரவு ரயில் நிலையத்தில் இவன் எப்படியோ துணிந்து மனதிலுள்ளதைச் சொல்லியிருக்கிறான்.

"நான் ஜெர்மன் பாசையிலை 'உன்னைக் காதலிக்கிறன்' எண்டு சொன்னன். அவ 'சுகி தெஸ்' எண்டுபோட்டு, தலையைக் குனிஞ்சிட்டு ரயிலுக்குள்ளை ஓடிட்டா. அகராதியிலை பாத்தன். 'பிடிக்கும்' எண்டு கிடக்கு. சுஷி பிடிக்கும் எண்டுறதுக்கும் அதே சொல்லுத்தான் அக்கா!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஜெர்மன்காரரிடம் காதலைச் சொல்லி, பதிலுக்கு 'உன்னைப் பிடிக்கும்' என்று வந்தால், அது மரியாதையான 'இல்லை'. அவன் அப்படித்தான் எடுத்திருந்தான். கேட்டுத் தெளியவும் வழியில்லை. ஊருக்குப் போவதால் அவள் கைத்தொலைபேசி இணைப்பை ஏற்கெனவே நிறுத்திவிட்டாள்.

ஆனால் எனக்கு என்னவோ உறுத்தியது. கணினியைத் திறந்து இணையத்தில் தேடினேன். ஜப்பானைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கருத்துக்களம் அகப்பட்டது. அவசர அவசரமாகப் பதிவு செய்து, கண்ணில் பட்ட முதல் பகுதியில், எல்லாம் பெரிய எழுத்தில், வரிக்கு வரி ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன். அவள் பெயர், உணவகத்தின் பெயர், எப்போது விமானம் என்று ஒன்று விடாமல் கொட்டினேன்.

பதில்கள் பறந்து வந்தன. "ஏன் கத்துகிறாய்?" என்றார் ஒருவர். "தேடல் பெட்டி எதற்கு இருக்கிறது?" என்றார் இன்னொருவர். பிறகு நான் தொடங்கிய அந்த உரையாடல் திரியே காணாமல் போய்விட்டது. களத்தை மேற்பார்வை செய்யும் மட்டுறுத்துநர் நீக்கிவிட்டார்!

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். இங்கே ஒருவன் உடைந்து கிடக்கிறான், இவர்களுக்குச் சட்டதிட்டம் கேட்கிறதா என்று கணினியை மூடப் போனேன். அப்போதுதான் அந்த மட்டுறுத்துநரிடமிருந்து ஒரு தனிமடல் வந்தது.

'ஒரு பெண்ணின் பெயரையும் அவள் வேலை செய்யும் இடத்தையும் அவளைக் கேட்காமல் ஊர் முன்னால் வைக்கக் கூடாது. அதனால்தான் உடனே எடுத்தேன். பெயர்கள் இல்லாமல், ஒரு வணக்கத்தோடு, மொழிப் பகுதியில் திரும்ப எழுதுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.'

முகம் சுட்டது. அவர் காப்பாற்றியது அவளை. கொஞ்சம் யோசித்தால் என்னையும்தான். விதிகளை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். பிறகு வணக்கம் சொல்லி, நடந்ததை அமைதியாக எழுதி, நன்றி சொல்லி முடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் கேட்டார்: 'அவள் என்ன சொன்னாள் என்பது இருக்கட்டும். என்ன செய்தாள்?'

ஓடிப்போய்த் தம்பியைக் கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னான்.

"வேலை முடிய ரெண்டு பேரும் ஒண்டாத்தான் ஸ்டேசனுக்குப் போவம். என்ரை ரயில் வெளிக்கிடுமட்டும் நிப்பா. அவவின்ரை ரயில் அதுக்கு முதலே போயிடும். பிறகு அடுத்ததுக்குக் காத்து நிப்பா."

"எத்தினை நாள் அப்பிடி?"

"எல்லா நாளும்தான்."

"அட மடையா!" என்று கத்திவிட்டு, அதையும் எழுதிப்போட்டேன்.

ஞாயிறு காலை தேநீரோடு கணினி முன் உட்கார்ந்தால், திரி நிரம்பி வழிந்தது. அதில் ஒன்று, ஜெர்மனியில் நெடுங்காலமாக வாழும் ஒரு ஜப்பானியப் பெண்மணி எழுதியது. அதை என்னால் இன்றும் அப்படியே சொல்ல முடியும்.

'காதலுக்கென்று எங்களிடம் பெரிய சொல் ஒன்று இருக்கிறது. அது பாட்டுக்கும் நாடகத்துக்கும்தான். என் கணவர் எனக்கு அதைச் சொன்னதே இல்லை. ஒருவன் மனதைத் திறந்து நிற்கும்போது பதிலாக வரும் "சுகி தெஸ்" சுஷியைப் பற்றியது அல்ல. அதுதான் "ஆம்". வெட்கத்தில் ஓடியிருக்கிறாள். சரி, உங்கள் தம்பி ஏன் இன்னும் வீட்டில் இருக்கிறார்?'

நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். தம்பி அந்த வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தான். முகத்தில் வெளிச்சம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன்.

"அக்கா, இப்ப வெளிக்கிட்டா பிடிக்க ஏலுமோ?"

"ஏலும். சப்பாத்தைப் போடு!"

என் பழைய காரை அப்படி ஓட்டியது அதுவே முதலும் கடைசியும். வழியில் வீதி வேலை நடந்து, வாகனங்கள் ஊர்ந்தன. நான் திட்டித் தீர்த்தேன். அவனோ, களத்துக்காரர்கள் எழுதிக் கொடுத்த சின்ன ஜப்பானிய வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். 'நானும்தான். காத்திருப்பேன்' என்று அர்த்தம். கூடவே அவர்களின் அறிவுரையும் இருந்தது: பெயர் சொல்லிக் கத்த வேண்டாம், பலர் முன்னால் கட்டிப்பிடிக்க வேண்டாம், அருகில் போய் மெதுவாகச் சொன்னால் போதும்.

விமான நிலையத்துக்குள் ஓடினோம். பாதுகாப்புச் சோதனை வரிசையில், சாம்பல் நிறக் கோட்டோடு, தோளில் இசைத்தாள் பையோடு நின்றாள். நான் அவளை முன்பு கண்டதில்லை. தம்பி சட்டென்று கல்லாய் நின்றதில் தெரிந்துகொண்டேன். முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன்.

அருகில் போய் அந்த வசனத்தைச் சொன்னான். அவள் இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு கையை நீட்டி, அவனுடைய ஜாக்கெட்டின் கை நுனியை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். வரிசையில் வந்தவர்கள் ஒழுங்காக அவர்களைச் சுற்றிப் போனார்கள். ஒழுங்கை மீறியது நான்தான். எட்ட நின்று "ஐயோ! ஐயோ!" என்று கை தட்டினேன்!

அன்று அவள் விமானம் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திரியில் முடிவை எழுதி நன்றி சொன்னேன். முகம் தெரியாத அத்தனை பேரும் அங்கே கூத்தாடினார்கள்.

அடுத்த வருடம் அவள் திரும்பி வந்தாள். இன்று என் மச்சாள், தம்பியின் மனைவி. அவள் தம்பியிடம் அந்தப் பெரிய சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பனிக்காலத்தில் அவன் வேலைக்குப் போகுமுன் அவனுடைய கையுறைகளை ஹீட்டரில் வைத்துச் சூடாக்குகிறாள். ஒரு காலத்தில் நான் கோபப்பட்ட அந்த மட்டுறுத்துநரின் கண்டிப்பையும் இப்போது அந்தச் சூட்டோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன். யாராவது சுருக்கமாகப் பதில் சொன்னால், இவருக்கு அன்பில்லை என்று முடிவு கட்டாமல், இவருடைய வழக்கத்தில் இதற்கு என்ன அர்த்தமோ என்று கேட்டுப் பார்க்க எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கற்றுக் கொடுத்தது.