நகர மண்டபத்துக்குள் ஓர் அடுப்படி

ஒஸ்லோ துறைமுகத்தில் படகுக்காரர்களிடம் அவித்த இறால் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து உரித்துத் தின்பது ஊர்ப் பழக்கம். போர்கில்டும் தின்பாள், ஆனால் கடலைப் பார்த்துத்தான் உட்காருவாள். முதுகுக்குப் பின்னால் பழுப்புச் செங்கல் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் நகர மண்டபத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். வெளியூர்க்காரர்கள் வந்து வந்து படம் பிடிக்கிற கட்டடம் அது. யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், "ரெண்டு பழுப்புச் சீஸ் கட்டிய நிமித்தி வச்சிருக்காங்க. அதப் பாக்க இவ்வளவு கூட்டமா?" என்பாள்.

அவள் பிறந்த வீடு இருந்த இடம் அது. பிப்பர்விக்கா என்று பேர். சந்தும் பொந்துமாக நெருக்கியடித்த பேட்டை. சாராய வாடைக்கும் சண்டைக்கும் அங்கே குறைச்சலே இல்லை. போர்கில்டின் நினைவில் அதெல்லாம் தங்கவில்லை. அம்மா மீன் பொரிக்கிற வாசமும், ஜன்னலைத் திறந்தால் வருகிற படகுத் தார் நெடியும்தான் தங்கின. அவள் சிறுமியாக இருந்தபோது பேட்டையை இடித்தார்கள். குடும்பம் ஊரின் கிழக்கே குடிபோனது. இடித்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அண்ணன் அஸ்லாக், மீசை அரும்பியதும் அதே இடத்துக்குச் செங்கல் சுமக்கப் போனானே, அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

"நம்ம வீட்டு மேலயே செங்கல் அடுக்கப் போறியாண்ணா?" என்று அன்று கேட்டாள்.

அவன் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்கவும் இல்லை. கத்தித் தீர்த்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள் இந்த ஊர்க்காரர்கள் நாங்கள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள், பனி எவ்வளவு விழுந்தது என்று பேசினார்கள். அவள் சாக்லேட் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், புருஷனைப் பறிகொடுத்தாள், தலையும் நரைத்துவிட்டது. மண்டபத்துக்குள் மட்டும் கால் வைக்கவில்லை.

ஒரு இலையுதிர் காலத்தில் அஸ்லாக் போன் செய்தான். கண் மங்கிக்கொண்டே வருகிறது, குளிர்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஒரு தடவ என்கூட மண்டபத்துக்குள்ள வா."

"நான் வர மாட்டேன்னு உனக்குத் தெரியுமே."

"தெரியும். கண்ணு தெரியறப்பவே வந்துடேன்."

அவன் அவளிடம் எதையும் கேட்டதே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

உள்ளே பளிங்குத் தரை, சுவர் நிறைய ஓவியம். பயணிகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஸ்லாக் ஓவியத்தைப் பார்க்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்து ஓரிடத்தில் நின்றான்.

"இதுதான் நம்ம அடுப்படி."

"உளறாதண்ணா. அடுப்படி கடல் பக்கம்ல இருந்துச்சு."

"கடல் பக்கம் உன் படுக்கை. ஜன்னலத் திறந்துவச்சு நீ பாட்டுக்குத் தூங்குவ, நான் விறைச்சுக் கெடப்பேன்."

"பொய். நீதான் திறப்ப."

பயணிகள் கூட்டம் ஒன்று இவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனது. அஸ்லாக் குரலைத் தாழ்த்தினான்.

"சுவர் எழும்பறதுக்கு முன்னாடியே இடத்தக் குறிச்சு வச்சுக்கிட்டேன். மத்தியானம் இங்க உக்காந்துதான் ரொட்டி தின்பேன். மேஸ்திரி கேலி பண்ணுவாரு, காத்தடிக்கிற இடமாப் பாத்து உக்கார்றியேடான்னு."

போர்கில்ட் குனிந்து காலடித் தரையைப் பார்த்தாள்.

"சுத்தி வேலி போட்டுட்டாங்க. வேலைக்காரனத் தவிர யாரையும் உள்ள விடல. நான் வேலைக்கா போனேன்? வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அழுதுடுவேனோன்னு இருந்துச்சு. அப்புறம் நீ கேக்கவே இல்ல."

ஒரு ஆயுசையே இப்படி வீணாக்கிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து குனிந்து காலணியைக் கழற்ற ஆரம்பித்தாள். காவல்காரப் பெண் ஓடி வந்தாள்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்லம்மா. வீட்டுக்குள்ள யாராவது ஷூவோட நடப்பாங்களா?"

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விலகிப்போனாள். அஸ்லாக்கும் உட்கார்ந்து குனிந்து காலணி நாடாவின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தான். கண்ணுக்கு அது பிடிபடவில்லை.

போர்கில்ட் காலுறையோடு அவன் முன்னால் மண்டியிட்டாள். "காலக் காட்டுண்ணா" என்றாள்.